காவடி வெயிலும் கையடக்க யூவி மீட்டரும்

இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் கேட்டிருக்கும் கேள்வி இது. கோயிலில் தொண்டு செய்கிறவர். தைப்பூசக் காவடி அன்று ஊர்வலப் பாதையில் எங்கெங்கே பந்தல் போடலாம் என்று பார்ப்பதற்காக, புற ஊதாக் கதிரை (யூவி) அளக்கும் கையடக்கமான ஒரு மீட்டரை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். மதியம் முற்றத்தில் வைத்துப் பார்த்தால் 5.1 என்று காட்டுகிறதாம். அதே நேரம் போனில் யூவி இண்டெக்ஸ் 13 என்று இருக்கிறதாம். எது சரி? மீட்டரைச் சூரியனைப் பார்த்துப் பிடிப்பதா, வானத்தைப் பார்த்து வைப்பதா? குடை, கூலிங் கிளாஸ், பந்தல் துணி எல்லாவற்றையும் இதில் சோதிக்க முடியுமா? இல்லை, திருப்பி அனுப்பிவிடட்டுமா?

திருப்பி அனுப்ப வேண்டாம், டீச்சர். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் இங்கே ஒரு துணி ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்தத் துணி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது என்று அளப்பதுதான் பிழைப்பு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டு எண்கள். இரண்டுமே சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சந்தையில் ஒரு கூடை மிளகாய் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் அதைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார். இன்னொருவர் காரம் பார்க்கிறார். கூடையில் பெரும்பாலும் குடைமிளகாய், அடியில் ஒரு பிடி ஊசிமிளகாய். எடையைக் கேட்டால் குடைமிளகாய்தான் பேசும், காரத்தைக் கேட்டால் ஊசிமிளகாய்தான் பேசும். உங்கள் கையில் இருப்பது எடை பார்க்கும் மீட்டர். போனில் வருவது காரத்தின் கணக்கு.

மீட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். மில்லிவாட் என்றோ மைக்ரோவாட் என்றோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே 290–390 நானோமீட்டர் என்பது போல ஒரு எல்லையும் இருக்கும். வாங்கும்போது பெட்டியில் முதலில் படிக்க வேண்டியது அந்த எல்லையைத்தான். புற ஊதாக் கதிரை மூன்றாகப் பிரிப்பார்கள்: 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்கும் கீழே யூவி-சி. யூவி-சி முழுவதையும் வளிமண்டலமே விழுங்கிவிடுகிறது. யூவி-பியில் பெரும்பகுதியை ஓசோன் தடுத்துவிடும், மிச்சம் கொஞ்சம் தரைக்கு வரும். யூவி-ஏ ஏறக்குறைய தாராளமாக வரும். ஆக, நம் தலையில் விழும் யூவியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு யூவி-ஏ என்ற குடைமிளகாய்; யூவி-பிதான் ஊசிமிளகாய். உங்கள் 5.1 மில்லிவாட் என்பது சதுர மீட்டருக்கு 51 வாட். உச்சி வெயிலுக்கு இது நியாயமான எண்தான்.

யூவி இண்டெக்ஸ் வேறு வழியில் வருகிறது. ஒவ்வொரு அலைநீளமும் தோலை எவ்வளவு சிவக்க வைக்கும் என்பதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. 298 நானோமீட்டர் வரை முழு மதிப்பெண். 320க்கு வருவதற்குள் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. 365இல் இரண்டாயிரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வெயிலை இந்த மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டி, சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று வருவதை 40ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் இண்டெக்ஸ். 13 என்றால் 0.325 வாட். உங்கள் 51 வாட்டுக்கு இது நூற்றைம்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குதான் தோலைச் சுடுகிறது.

அப்படியானால் 5.1ஐ ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி இண்டெக்ஸ் ஆக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். சில மலிவு மீட்டர்கள் உள்ளுக்குள் அதைத்தான் செய்துவிட்டு, திரையில் யூவி இண்டெக்ஸ் என்று காட்டுகின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. காரணம், இரண்டு வகை மிளகாயும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. சூரியன் சாயச் சாயக் கதிர் ஓசோனுக்குள் அதிக தூரம் பயணம் செய்கிறது; யூவி-பி சட்டென்று விழுந்துவிடுகிறது, யூவி-ஏ நிதானமாகத்தான் இறங்குகிறது. காவடி சமயத்தில் மாலை நாலே முக்கால் மணிக்கு இண்டெக்ஸ் மதியம் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். உங்கள் மீட்டரோ ஐந்தில் இரண்டு பங்காவது காட்டிக்கொண்டிருக்கும். மதியம் சரியாக வந்த பெருக்கல், மாலையில் இரட்டிப்பாகப் பொய் சொல்லும்.

காரம் பார்க்கும் மீட்டரும் தனியாகக் கிடைக்கிறது. சோலார்மீட்டர் 6.5 அந்த வகை. ஓணான், ஆமை வளர்க்கிறவர்கள் கூண்டு விளக்குக்காக அதை விரும்பி வாங்குகிறார்கள். விலை கூடுதல். அந்த விலையெல்லாம் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் அதன் மேல் போட்ட ஃபில்டருக்கும்தான். பார்வைக்குத் தெரியும் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாமல், யூவியை மட்டும், அதுவும் அந்த மதிப்பெண் பட்டியலை ஒட்டிய விகிதத்தில் பார்க்க வேண்டும். அது லேசான காரியமில்லை.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது புழங்கும் போன்களில் பொதுவாக யூவி சென்சார் இருப்பதில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்சி நோட் 4இல் ஒன்று வைத்திருந்தார்கள், அந்த வழக்கம் நிலைக்கவில்லை. செயலியில் வரும் 13 என்பது ஓசோன் அளவும் சூரியனின் உயரமும் வைத்துப் போட்ட முன்கணிப்பு. உங்கள் தெருவில் மேகம் நிற்பது அதற்குத் தெரியாது. நம் பக்கம் உண்மையிலேயே கருவி வைத்து அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனின் பல்கலைக்கழகத்தார் 2016 முதல் மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு யூவி வலையமைப்பு நடத்துகிறார்கள், நம் ரோட்ரிக்ஸ் தீவிலும் அதன் கருவி ஒன்று இருக்கிறது. ரீயூனியனின் மைதோ மலையில் 2160 மீட்டர் உயரத்தில் அவர்களுக்கு ஒரு ஆய்வுக்கூடமும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் யூவி பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். க்யூர்பீப் மேட்டுக்கு அந்தக் கணக்கில் ஐந்தாறு சதவீதம்தான் கூடுதல். ஆனால் அங்கே காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பில் சூடாக உறைப்பது அகச்சிவப்புக் கதிர். யூவி வருவது தோலுக்குத் தெரியவே தெரியாது. அதற்காகத்தானே மீட்டர்.

இனி எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி. இண்டெக்ஸ் என்பது தரைக்குச் சமமாகக் கிடத்திய ஒரு பரப்பில் விழுவதற்கான கணக்கு. ஆகவே சென்சார் நேராக வானத்தைப் பார்க்க வேண்டும், சூரியனை அல்ல. மீட்டரை ஒரு ஸ்டூலின் மேல் மல்லாக்க வைத்தால் போதும், சென்சார் தலைப்பக்கம் இருந்தால் நிமிர்த்திப் பிடியுங்கள். கையில் வைத்திருந்தால் கையை நன்றாக நீட்டி, தலையும் தோளும் வானத்தை மறைக்காமல் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றால் சட்டையும் சுவரும் திருப்பி அடிப்பதும் ரீடிங்கில் சேரும். ஐந்தாறு விநாடி பொறுத்து, மூன்று முறை பார்த்து, நேரத்தையும் வானத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணை மட்டும் குறித்துவைத்தால் அடுத்த வாரம் அதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது.

நம் ஊரில் காவடி சமயத்தில் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. கடிகாரம் காட்டும் நேரமும் சூரியன் காட்டும் நேரமும் இருபத்திரண்டு நிமிஷம் போல விலகி நிற்கும்; சூரியன் உச்சிக்கு வருவது 12.22 வாக்கில். அதிலும் ஜனவரி 20, 21 தேதிகளில் அது ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. கொடிமரத்துக்கு நிழலே இருக்காது. போதாக்குறைக்கு, ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலை மாதத்தோடு ஒப்பிட்டால் இதனால் மட்டுமே ஏழு சதவீதம் கூடுதல். வெப்பமண்டலத்தின் மேல் ஓசோன் படலமும் மெலிசு. எல்லாம் சேர்ந்து, மேகமில்லாத தை மாத மதியத்தில் இங்கே இண்டெக்ஸ் 13, 14, சில நாள் 15 என்று போகிறது. 11ஐத் தாண்டினாலே உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உச்சகட்டம், அதற்கு மேல் தனியாகப் பெயர் கிடையாது. குளிர்காலமான ஜூனில்கூட மதியம் 6ஐத் தொடும்.

பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயிலைத் தவிருங்கள் என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். காவடி சமயத்தில் அது பற்றாது. மீட்டர் இல்லாதவர்களுக்கு நிழல்தான் மீட்டர்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. இங்கே அந்த நேரம் காலை ஒன்பதே காலுக்கு முன்பே தொடங்கி, மூன்றரை வரை நீள்கிறது. ஒன்பதே காலுக்கே இண்டெக்ஸ் 5, 6 வந்துவிடும். ஆற்றங்கரையில் காவடி தூக்கிக் கிளம்புகிற நேரம் ஏறக்குறைய அதுதானே.

அந்த எண்ணை நேரமாக மாற்றிக்கொள்ள ஒரு சுருக்குவழி உண்டு. தோல் சிவப்பதைக் கணக்கிட எஸ்.ஈ.டி. என்று ஒரு அலகு வைத்திருக்கிறார்கள். 67ஐ இண்டெக்ஸால் வகுத்தால் ஒரு எஸ்.ஈ.டி. சேர எத்தனை நிமிஷம் ஆகும் என்று வரும். 13க்கு ஐந்து நிமிஷம். கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியின் தோல் இரண்டு மூன்று எஸ்.ஈ.டி.யில் சிவந்துவிடும். நம் மாநிறத் தோல் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்கும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வெட்டவெளியில் நடந்தால் முப்பது எஸ்.ஈ.டி. சேர்கிறது. நாமெல்லாம் கறுப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது என்பது வேறு. சூரியன் நேர் மேலே நிற்பதால் அடி முழுக்கத் தலைக்கும், தோளுக்கும், செருப்பில்லாத புறங்காலுக்கும்தான். மார்பும் முகமும் ஓரளவு தப்பிக்கும். தோளில் விழுவது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சென்சாரைத் தோள் பார்க்கும் திசையில் சாய்த்துப் பிடியுங்கள். ஆனால் அந்த ரீடிங்கை இண்டெக்ஸ் என்று எழுதாதீர்கள், தோள் என்றே எழுதுங்கள்.

பந்தல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மீட்டர் வாங்கியதே அதற்காகத்தானே. யூவி நேராகச் சூரியனிலிருந்து மட்டும் வருவதில்லை. காற்று அதை நாலாபக்கமும் சிதறடிக்கிறது, வானம் நீலமாகத் தெரிகிற அதே காரணத்தால். மேகமே இல்லாத மதியத்திலும் யூவி-பியில் பாதியை ஒட்டிய பங்கு வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. நிழலுக்குள் நின்றால் சூரியனை மட்டும்தான் மறைத்தோம், வானத்தை மறைக்கவில்லை.

கத்ர் போர்ன் கோயில் பக்கம் போன வருஷம் இதை என் மீட்டரில் நண்பர்களுக்குக் காட்டினேன். என்னுடையது காரம் பார்க்கும் வகை. வெட்டவெளியில் 13 சொச்சம். கறுப்புக் குடையை விரித்து, அதன் துணிக்கு அடியில் ஒட்டினாற்போல் சென்சாரை வைத்தால் 0.2. அடேயப்பா என்றார்கள். அப்படியே கையைத் தோள் மட்டத்துக்கு இறக்கினேன்: 4ஐத் தாண்டியது. துணி வழியாக வருவது 0.2, மிச்சமெல்லாம் பக்கவாட்டில் வானத்திலிருந்து வருவது. அடுத்து, பெரிய மாமரத்தடியில் நடுமத்தியில் 1க்குக் கீழே. தனியாக நிற்கும் ஒரு தென்னையின் நிழலில், நிழல் நன்றாகக் கறுப்பாகத் தெரிந்தும், 7. தென்னை நிழலும் நிழல்தான் என்று ஒரு மாமா விடாமல் வாதாடினார். வாதம் செய்யலாம், மீட்டருக்குக் காது கிடையாது.

ஆகவே பந்தலின் துணி எது என்பதைவிட, பந்தல் எவ்வளவு அகலம், பக்கங்கள் மூடியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். கல்யாணத்துக்குப் போடும் லா சால் வெர்த் பந்தல் மாதிரி அகலமாக, இரண்டு பக்கமாவது ஓலையோ துணியோ கட்டி மூடியிருந்தால் உள்ளே நடுவில் உட்கார்ந்தவருக்கு உண்மையான நிழல். சாலையோரம் நாலு கழி நட்டு, மேலே ஒரு தார்ப்பாயை மட்டும் இழுத்துக் கட்டினால் குடையின் கதைதான். மேகத்தையும் நம்ப வேண்டாம். மெல்லிய மேகம் யூவியைக் கொஞ்சம்தான் குறைக்கும். வெள்ளை மேகத் திட்டுகளுக்கு நடுவே சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில், மேகத்தின் ஓரங்கள் திருப்பி அடிப்பதும் சேர்ந்து, வெறும் வானத்தைவிட மீட்டர் கூடக் காட்டும். அந்தச் சமயத்தில் எண் குதித்துக்கொண்டே இருந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

துணி என் தொழில் என்பதால் ஒரு விஷயம். யூபிஎஃப் என்ற எண்ணைச் சில சட்டைகளில் பார்த்திருப்பீர்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று அர்த்தம். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு அது ஐந்து, ஆறு, ஏழு அளவில்தான் வரும். நனைந்தால் இன்னும் கீழே இறங்கும். நூலிழைகளுக்கு இடையே இருக்கும் காற்றுதான் கதிரைச் சிதறடிக்கிறது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் கதிர் நேராக உள்ளே போய்விடுகிறது. ஆற்றில் முழுகி எழுந்து, ஈர வேட்டியை அப்படியே தோளில் போர்த்திக்கொண்டு நடப்பவர், போர்த்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மீட்டரை நம்புவதற்கு முன் அதைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். சென்சாரின் மேல் ஒரு நாணயத்தை வைத்து மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம், பட்டறையில் போடும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து சென்சாரை மூடி, வெயிலில் காட்டுங்கள். பார்ப்பதற்கு அது பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் யூவியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். மீட்டரும் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராமல் 5.1 என்பது 3 என்று மட்டும் இறங்கினால், அது சாதாரண வெளிச்சத்தைப் பார்த்து யூவி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மீட்டரை மட்டும் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சென்சாரின் மேல் வெள்ளையாகத் தெரியும் சின்ன வட்டத்தைத் தொடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு டிசம்பர் மாதம் தினமும் மதியம் மொட்டை மாடியில் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதி வந்தேன். முதல் வாரம் 13, 14. இரண்டாவது வாரம் 9, 10. வானத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஓசோன் கூடிவிட்டதோ, புயல் வரப்போகிறதோ என்று என்னென்னவோ யோசித்தேன். கடைசியில் மீட்டரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை வட்டத்தின் மேல் எண்ணெய்ப்பசையாக ஒரு கட்டைவிரல் ரேகை. வெயிலில் போகிறோமே என்று முகத்தில் சன்ஸ்கிரீன் தடவிய அதே விரல். யூவியைத் தடுக்கவென்றே செய்த களிம்பை சென்சாருக்குப் பூசிவிட்டு, யூவி குறைந்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் லேசாகத் துடைத்ததும் மறுபடி 13. நோட்டில் அந்த வாரப் பக்கங்களை இன்னும் கிழிக்கவில்லை.

காலிபரேஷன், அதாவது மீட்டரின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, வருஷத்துக்கு ஒரு முறை என்பார்கள். சென்சாரும் ஃபில்டரும் வெயில் பட்டே மெல்ல மெல்லத் தளரும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் இந்த விலை மீட்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒரு தடவை ஓரிடத்தில் கொடுத்துப் பார்த்தேன், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் புதிதாக வந்தது. அதற்குப் பதில், ஒவ்வொரு வருஷமும் அதே வாரத்தில், மேகமில்லாத ஒரு நாளில், உச்சிவேளையில், அதே ஸ்டூலில் வைத்து எடுத்த ரீடிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போனால் மீட்டருக்கு வயதாகிறது. மீட்டரைக் காரின் முன்பக்கம் வெயிலில் போட்டுவைக்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் நல்லதா கெட்டதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்று அளந்து பூசுகிறார்கள், வீட்டில் யாரும் அவ்வளவு கனமாகப் பூசுவதில்லை. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் யூவி விளக்குக்கும் இது உதவாது. அது 254 நானோமீட்டர், உங்கள் மீட்டருக்குக் கண் தெரியாத இடம். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று அந்த விளக்கைத் திறந்து பார்த்துவிடாதீர்கள், கண் பழுத்துவிடும்.

இனி, ஏன் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றேனே, அது. எடை பார்க்கும் மீட்டருக்கென்று சில கேள்விகள் உண்டு, அவற்றில் என்னுடைய விலை உயர்ந்த மீட்டர் தோற்றுப்போகும்.

முதலாவது கூலிங் கிளாஸ். சாதாரண ஜன்னல் கண்ணாடியே யூவி-பியைத் தடுத்துவிடும். அதனால் காரம் பார்க்கும் மீட்டரின் மேல் எந்தக் கண்ணாடியை வைத்தாலும் எண் தரைக்கு இறங்கி, எல்லாக் கண்ணாடியும் பாஸ் என்று காட்டும். கண்ணுக்குள் போகும் யூவி-ஏயை அது ஏறக்குறையக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் மீட்டர் எடுக்கும். கறுப்பு அட்டையில் சென்சார் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் கண்ணாடியை ஒட்டினாற்போல் வைத்து வெயிலில் காட்டுங்கள். 5.1 என்பது 0.1க்கும் கீழே போனால் நல்ல கண்ணாடி. 1, 2 என்று நின்றால் அதைப் போடாமல் இருப்பதே மேல், ஏனென்றால் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்பாவை விரிந்து, வருவதை எல்லாம் உள்ளே விடும். திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கண்ணாடிகளை ஒரு நாள் வரிசையாக வைத்துச் சோதித்துப் பாருங்கள். விலைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. மீட்டரின் எல்லை 390 என்றால் அதற்கும் 400க்கும் நடுவே இருப்பதை அது பார்க்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, எலுமிச்சம்பழம். காவடிக்காரர்களின் உடம்பில் வரிசையாகத் தொங்குவது, தேர்ச் சக்கரத்தில் நசுங்குவது, தண்ணீர்ப் பந்தலில் பானகத்துக்குப் பிழிவது எல்லாம் அதுதான். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, அதன் மேல் யூவி-ஏ விழுந்தால் நெருப்புப் பட்டது போலப் புண்ணாகும். இதில் யூவி-பிக்கு வேலையில்லை. இண்டெக்ஸ் இறங்கிப்போன மாலை நாலே முக்காலுக்கும் யூவி-ஏ ஐந்தில் இரண்டு பங்கு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இந்த விஷயத்தில் போன் காட்டும் 2ஐ நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தலில் காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை நான்தான் பிழிந்தேன். ஒரு கூடைக்கு மேல் இருக்கும். வெயிலில்கூட நிற்கவில்லை, தார்ப்பாய்க்கு அடியில்தான், ஆனால் மூன்று பக்கமும் திறந்தது. அன்றைக்குக் கையில் ஒன்றுமே தெரியவில்லை. ஏழு கறியோடு சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கினேன். இரண்டாம் நாள் இடது புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எரிச்சல், மூன்றாம் நாள் கொப்புளம், மணிக்கட்டு வரை சாறு வழிந்த தடத்திலேயே கோடு போட்ட மாதிரி. எண்ணெய் கொட்டிக்கொண்டீர்களா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் ஒருவர் மட்டும் பார்த்த உடனே, எலுமிச்சை பிழிந்தீர்களா என்றார். கொப்புளம் ஆறிய பிறகும் பழுப்புத் தடம் உகாதி வரை போகவில்லை.

அதனால் உங்கள் மீட்டரோடு முதலில் போய் நிற்க வேண்டிய இடம் தண்ணீர்ப் பந்தல்தான், டீச்சர். பிழிகிறவர் கை இருக்கும் உயரத்தில் மேசை மேல் வையுங்கள். வெளியே 5.1 இருக்கும்போது அங்கே 1க்கு மேல் காட்டினால் மேசையை இன்னும் உள்ளே தள்ளுங்கள், வெயில் வரும் பக்கத்தில் ஒரு வேட்டியை மடித்துக் கனமாகக் கட்டுங்கள். பிழியும் வேலையை விடிவதற்கு முன்பே வீட்டுக்குள் முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும். பிழிந்த கையோடு யாரையும் ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள், முழங்கை வரை கழுவிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.